பெயர் என்ற கட்டம்

சிங்பாஸில் முகம் காட்டி உள்ளே போனேன்.
இனம்: கலப்பு.
நிறம் என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாற்றம்.
மசகு படிந்த கையால் யாரோ
வெள்ளைச் சுவரைத் தடவிவிட்டுப் போனதுபோல் ஒரு நிறம் அது.
‘மற்றவை’ என்று அழுத்தினேன்.
கருத்தடை: ஆயிற்று.
பெயர்:
அங்கே நின்றுவிட்டது விரல்.

ஒன்பது வருடம்.
ஈசூன், நான்காவது மாடி.
கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே
தண்டவாளம் சோதிக்கும் வேலை எனக்கு.
விடியும் முன் வந்து கதவைத் திறந்தால்
இடுக்கில் முதலில் மூக்கு,
பிறகு மிச்சம்.
ஒருநாளும் அதைக் கூப்பிட்டதில்லை.
கூப்பிட்டால் பெயர் சுவரைத் தாண்டும்.
சுவருக்கு அந்தப் பக்கம் ரொஹைதா அக்கா.
நல்லவர்தான்.
நல்லவர்களுக்கும் காது உண்டு.

வீவக வீட்டுச் சட்டத்துக்கு
மீன் தெரியும், முயல் தெரியும்,
சின்ன நாய்களைத் தெரியும்.
பூனையைத் தெரியாது.
ஆகவே மணலை அரிசிப் பையில் கொண்டுவந்தேன்.
டின்களைத் துண்டில் சுற்றினேன்,
மின்தூக்கியில் ஒன்றோடொன்று பேசிவிடக் கூடாதென்று.
மேல்வீட்டுக் கசிவைப் பார்க்க ஆட்கள் வந்த அன்று
அலமாரிக்குள், சீருடைகளுக்கு நடுவே,
அது நாற்பது நிமிடம் இருந்தது.
நான் வானொலியைக் கூட்டி வைத்துத்
தாளித்துக்கொண்டே இருந்தேன்,
கடுகு கருகிய பிறகும்.

சட்டம் மாறிய செய்தி
பேருந்தில் தூங்கி வழியும்போது கைப்பேசியில் வந்தது.
இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினேன்.

இணையத்தில் பாடம் படிக்கச் சொன்னார்கள்:
பூனையைப் பொறுப்பாக வளர்ப்பது எப்படி.
பூனையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.
ஒரு கேள்விக்கு விடை தப்பு.
வாலால் அழுத்தியது அதுதான்,
சாட்சிக்கு ஆளில்லை.

தோள்பட்டைகளுக்கு நடுவே
அரிசிமணி அளவில் நுண்சில்லு வைத்தார்கள்.
பதினைந்து இலக்கம்,
என் அடையாள எண்ணைவிட நீளம்.
ஜன்னலுக்கு வலை அடிக்க வந்த திரு குவேக்
திருகாணியைப் பல்லில் கடித்தபடி சொன்னார்,
“இந்த புளோக்கில் இது ஆறாவது வீடு.”
ஆறா?
எந்தெந்த வீடு என்று நான் கேட்கவில்லை.
இத்தனை காலம்
அமைதியான அக்கம்பக்கம் என்று
எல்லாரிடமும் பெருமை பேசியிருக்கிறேன்.

சரி, பெயர்.
உரக்கச் சொல்லிப் பார்த்தேன்:
சாம்பா. மின்னி. வெள்ளைச்சாமி.
காதுகூட அசையவில்லை.
கத்த வாயெடுத்தபோதெல்லாம்,
நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம்,
அலமாரிக் கதவைச் சாத்துமுன் குனிந்தும்
நான் அதற்குச் சொன்னது ஒரே சொல்தான்.
அதைக் கேட்டால் திரும்பும்.
அதைக் கேட்டால் வந்து காலில் உரசும்.
வாயை மூடு என்றதை
வா செல்லம் என்று எடுத்துக்கொண்ட ஜீவனிடம்
இனி எப்படித் திருத்தம் சொல்ல?
கட்டத்தில் எழுதினேன்:
உஷ்.

உரிமம் வந்தது.
அச்சிட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்,
மின்கட்டண ரசீதுக்குப் பக்கத்தில்.

போன சனிக்கிழமை தடுப்பூசி.
மருந்தகத்தில் உட்கார இடமில்லை.
ஹஸ்கி ஒன்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது,
முயலைக் கொண்டுவந்த பையன் அழுதுகொண்டிருந்தான்,
ஒருவர் கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.
தாதி கதவைத் திறந்து பட்டியலைப் பார்த்து
சத்தமாகக் கூப்பிட்டாள்:
“உஷ்!”

ஹஸ்கி நிறுத்தியது.
பையன் விம்மலைப் பாதியில் விழுங்கினான்.
திட்டியவர் மன்னிப்புக் கேட்டார்.

கூண்டுக்குள்ளிருந்து ஒரே ஒரு குரல்,
அடிவயிற்றிலிருந்து, நீளமாக.

அதற்கு இவ்வளவு சத்தம் வரும் என்று
எனக்கே தெரியாது.